பலகையில் விழுந்த புள்ளி

அத்தியாயம் 14

பீரோ மேலிருந்த பிஸ்கட் டப்பாவைக் குப்பம்மா இறக்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். டப்பாவுக்குள் பாலித்தீன் பையில் சுற்றிய பழைய ஜி.பி.எஸ். கருவி இருந்தது. கடலில் படகு எங்கே நிற்கிறது என்பதை எண்களாகக் காட்டும் கருவி. இரண்டு வருடங்களுக்கு முன் குப்பம்மாவின் கணவர் திருமலை தன் ஃபைபர் படகுக்குப் புதியது வாங்கிவிட்டதால் பழசு சும்மா கிடந்தது. "பள்ளிக்கூடத்துக்குத் தானே? எடுத்துகினு போ. உங்க நைனா இத்த தேடவா போறாரு" என்று மகள் சௌமியாவிடம் கொடுத்தாள் குப்பம்மா. கணவரிடம் அவளும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை.

இனி வியாழக்கிழமை.

எர்ணாவூரில் சௌமியா வேலை பார்க்கும் உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆகஸ்ட் மாதமே ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. சுவரில் மாட்டினார்கள். தூசு படியக் கூடாது என்று பூப்போட்ட போர்வையால் மூடினார்கள். மழை நாளில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. விரலை ஓரிடத்தில் வைத்தால் கோடு நாலு விரற்கடை தள்ளி விழும். மற்ற ஆசிரியர்கள் அதைக் காரணமாகச் சொல்லிச் சாக்பீஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

சௌமியா திரும்பவில்லை. அவள் தற்காலிக ஆசிரியை. அவளுடைய மீனவர் குப்பத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் பாடம் நடத்த வந்த முதல் ஆள். வேலை ஏப்ரலோடு முடிகிறது. ஜூனில் மறுபடியும் உண்டா என்பதை நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும்.

தலைமையாசிரியை ரோஸ்மேரி தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். கணவர் தங்கப்பாண்டிக்குத் திருவொற்றியூரில் மொத்த மளிகைக் கடை. முப்பது வருடம் வடசென்னையில் இருந்தும் ரோஸ்மேரியின் பேச்சு ஊர்ப் பேச்சுதான். முந்தின வாரமே சொல்லியிருந்தார்.

"ஒண்ணும் பயப்படாத சௌமியா. 'அந்தப் பிள்ளை ஜூனுக்கும் வேணுமா'ன்னு உன்னைப் பத்தி நிர்வாகத்துல கேட்டாவ. வியாழக்கிழமை வகுப்பைப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். கல்வி ஆபீசரும் வாராரு. பாத்துக்க."

பார்த்துக்கொள்வதற்காகவே அவள் மூன்று வாரம் பாடக் குறிப்பு எழுதியிருந்தாள். பாடம், அட்சக்கோடும் தீர்க்கக்கோடும். நோக்கம், செயல்பாடு, வீட்டுப்பாடம் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. ரோஸ்மேரி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது. ஸ்மார்ட் போர்டு கம்பெனிப் பயிற்சியாளர் தவ்ஃபீக் காலையிலேயே வந்து பலகையைச் சரிசெய்து வைத்திருந்தார். ஆபீசர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தேழு பிள்ளைகள். பத்தொன்பது பேர் குப்பத்துப் பிள்ளைகள், மீதி எட்டுப் பேர் குடியிருப்பு வாரியக் கட்டடங்களிலிருந்து வருகிறவர்கள்.

சௌமியா கருவியைக் கையில் எடுத்ததுமே வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"டீச்சர், இது போட்டுல வைக்கிற மெசினு தானே?"

"எங்க நைனா இத்த தொடவே வுடாது டீச்சர். தொட்டா கை மேலயே போடும்."

"இன்னிக்கு எல்லாரும் தொடலாம்" என்றாள் சௌமியா.

முன் பெஞ்சு அம்முவைக் கூப்பிட்டு எண்களை வாசிக்கச் சொன்னாள். அம்மு எண்ணில் தவறுகிற பெண் இல்லை. காசிமேட்டு ஏலத்தில் தாய்க்கு மனக்கணக்காகவே எல்லாம் சொல்லுகிறவள். வாரியக் கட்டடத்து ஷிஜியைக் கணினியில் தட்டச் சொன்னாள். கருவியில் 'துறைமுகம்' என்று ஆங்கில எழுத்தில் குறித்திருந்த இடத்தை அம்மு வாசித்தாள், ஷிஜி தட்டினாள். பலகையில் விரிந்திருந்த செயற்கைக்கோள் படத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று காசிமேட்டில் போய் உட்கார்ந்தது. கைதட்டல். அடுத்தது எண்ணூர் முகத்துவாரம். படகுகள் வரிசையாக நிற்பதுகூடத் தெரிந்தது. அதற்கும் கைதட்டல். ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்து அம்முவின் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"டீச்சர்! உங்க பேரு கீது இதுல!" என்றாள் அம்மு.

சௌமியா எட்டிப் பார்த்தாள். பட்டியலின் நடுவில் அவள் பெயரே இருந்தது.

"எங்க வீடா இருக்கும். அப்பா என் பேர்ல போட்டு வச்சிருப்பாரு. பார்க்கலாமா? டீச்சர் வீடு எங்க இருக்குன்னு இந்த போர்டு சொல்லுதான்னு பார்ப்போம்."

அம்மு வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது. கடைசி இலக்கங்களை ஷிஜி இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. புள்ளி விழுந்தது. எர்ணாவூரில் இல்லை. கரையிலேயே இல்லை. கிழக்கே, நீலத்தின் நடுவில், சுற்றிலும் ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்தது.

"டீச்சர் வீடு தண்ணிக்குள்ள இருக்கு!" என்று ஷிஜி கத்தினாள். சிரிப்பு எழுந்தது. ஆபீசரும் சிரித்தார்.

சிரித்தது எட்டுப் பேர்தான் என்பதைச் சௌமியா அப்போது கவனிக்கவில்லை.

"சரி, கடல்ல இருந்தாலும் இடம் இடம்தான். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு ரெண்டையும் நோட்டுல எழுதுங்க."

ஷிஜியும் அவள் கூட்டாளிகளும் எழுதினார்கள். குப்பத்துப் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏன் எழுதல? கை வலிக்குதா?"

"பேனா எழுதல டீச்சர்."

"எனக்கும் எழுதல டீச்சர்."

பத்தொன்பது பேனாக்களில் பதினெட்டு ஒரே நேரத்தில் எழுதாமல் போயின. அம்மு மட்டும் எழுதினாள். ஆபீசர் குனிந்து அவள் நோட்டை எடுத்துப் பார்த்து, "அழகா எழுதியிருக்கே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பாடக் குறிப்பின் கடைசி வரி வீட்டுப்பாடம். சௌமியா எழுதியிருந்தபடியே சொன்னாள். "எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஜி.பி.எஸ்.ல இருந்து ஏதாவது ஒரு இடத்தோட எண்ணை எழுதிக்கிட்டு வரணும். ஜி.பி.எஸ். இல்லாதவங்க போன்ல பாத்து எழுதலாம். நாளைக்கு எல்லாத்தையும் போர்டுல போட்டுப் பார்ப்போம்."

பதினொன்று பத்துக்கு வகுப்பு முடிந்தது. ஆபீசர் பார்வையாளர் பதிவேட்டில் ஆறு வரி பாராட்டி எழுதினார். வராந்தாவில் ரோஸ்மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜூனைப் பத்தி இனி யோசிக்காத. அது என் பாடு."

மூன்று மணி நேரம் சௌமியாவுக்கு வேலை நிச்சயமாக இருந்தது.

மதிய இடைவேளையில் குப்பத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவது வழக்கம். அன்று பத்தொன்பது பேரில் நான்கு பேர்தான் திரும்பி வந்தார்கள். இரண்டரைக்கு ரோஸ்மேரி ஆள் அனுப்பினார்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க? ஏழு பேரு போன் பண்ணிட்டாவ. எங்க வீட்டுக்காரரு கடைக்கு அரிசி வாங்க வந்த ஆளும் சொல்லிட்டுப் போயிருக்கான். வீடுவீடா மீன் கிடைக்க இடத்தை எழுதிட்டு வான்னு நீ பிள்ளைகள்ட்ட சொன்னியாமே?"

"மேடம், ஏதாவது ஒரு இடம்னு தான் சொன்னேன். கோயில், முகத்துவாரம்…"

"வீட்டு ஜி.பி.எஸ்.ல இருந்துன்னு சொன்னியா இல்லையா? பாடக் குறிப்புல இருக்கு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு அரிசி விலை தெரியும், கடல் தெரியாது. உனக்குமா தெரியாது?"

தெரியும். கடலுக்கு அடியில் கல் இருக்கும் இடத்தைப் 'பாரு' என்பார்கள். மீன் அங்கேதான் ஒதுங்கும். ஒவ்வொரு படகுக்காரருக்கும் இரண்டோ மூன்றோ பாரு உண்டு. அதை மச்சானிடம் சொல்ல மாட்டார்கள், பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டார்கள். வேறு படகு கண்ணில் பட்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போய் நிற்பார்கள். கேட்பதே திருட்டுக்குச் சமம். இது சௌமியாவுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். பாடக் குறிப்பு எழுதிய மூன்று வாரமும் அவளுக்கு ஜி.பி.எஸ். என்பது அட்சக்கோடும் தீர்க்கக்கோடுமாக மட்டுமே இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

"உங்க அப்பா சொல்லித்தான் நீ கேக்கியாம். எல்லாரோட இடத்தையும் மக மூலமா வாங்கிட்டு அவரு ஒருத்தரே மீன் பிடிக்கப் போறாராம். ஒரு பிள்ளை நோட்டுல எழுதுன எண்ணைப் பாத்தா அங்க வெறும் தண்ணிதானாம்; அதைக் காட்டி, பிள்ளைகளை ஏமாத்திட்டன்னும் சொல்லுதாவ. நாளைக்குப் பிள்ளைக வரலைன்னா ஜூனைப் பத்தி நான் வாய் திறக்க முடியாது, சௌமியா."

நான்கரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். வழியில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வியாபாரம் முடிந்து வந்த குப்பம்மா குழாயடியில் அன்னக்கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது பேஜாரு? மீன் கூறு கட்டிகினு இருக்கேன், அம்முவோட அம்மா, திருமுருகன் பொண்டாட்டி எதுர்ல வந்து நின்னுகினு, 'டீச்சரம்மா பெத்தவளே'ன்னு கத்துது. நாலு பேரு சிரிக்கிறான். மெசினு குடுத்தது நானு. உங்க நைனாவுக்கு இன்னா பதில் சொல்றது?"

"நைனா எழுந்தாச்சா?"

"டீ குடிச்சிகினு கீறாரு. போ, நீயே சொல்லு."

திருமலை விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போய், பன்னிரண்டுக்குக் கரை ஏறி, சாயங்காலம் வரை தூங்குகிறவர். டீ கிளாஸோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். சௌமியா நின்றுகொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பேர்ல இருந்துச்சு அந்த இடம்?"

"என் பேர்ல, நைனா."

கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீ பொறந்த வருசம் நங்கூரம் மாட்டிச்சு. புடுங்கினா வரல. முங்கிப் பார்த்தா கல்லு. சங்கரா மீனும் களவா மீனும் அப்பிகினு கீது. கரைல ரெண்டு பொகைக்குழாயும் ஒரே கோட்டுல தெரியிற மாதிரி நின்னு அடையாளம் பார்த்தேன். அப்பால மெசினு வந்துச்சு. உன் பேரைப் போட்டேன். நீ படிச்ச படிப்பு மொத்தமும் அங்கேர்ந்து வந்ததுதான்."

"எனக்குத் தெரியாது நைனா."

"உங்கம்மாவுக்கே தெரியாது."

"இத்தினி வருசமா என்னாண்ட சொல்லாம கீறியே, மனுசன் தானா நீ?" என்றாள் வாசலிலிருந்து குப்பம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே ஆள் சத்தம் கேட்டது.

ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். முன்னால் திருமுருகன், அம்முவின் தகப்பன். நடுக்கடலில் வலையோடு வலை சிக்கி, யார் வலையை அறுப்பது என்று சண்டை வந்த நாளிலிருந்து ஆறு வருடமாக அவருக்கும் திருமலைக்கும் பேச்சு இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இப்படி இருந்தது.

"டீச்சரம்மா கீதா? எங்க வூட்டு நம்பரை நேர்லயே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உதார் வுடாம விசயத்தைச் சொல்லு" என்றார் திருமலை.

"இன்னாத்த சொல்றது? புள்ளைங்களாண்ட பாரு கேக்குறியா? கடல்ல கேக்க துப்பு இல்ல, பள்ளிக்கூடத்துல கேக்குறியா? எவனுக்கும் உதவாத ஒரு தண்ணில புள்ளிய வச்சி, பாருங்க எங்க இடத்தையே காட்டிட்டோம், நீங்களும் குடுங்கன்னு டபாய்க்கிறீங்களா? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புள்ளையும் வராது. இந்தப் பொண்ணு அங்க இருக்கிற வரைக்கும் வராது."

"நான் யாரையும் ஏமாத்தல மாமா" என்றாள் சௌமியா. "என் பேர்ல இருந்ததைப் படிக்கச் சொன்னேன். எங்க வூடுன்னு நெனச்சேன்."

"வூடாம்!" என்று பின்னால் ஒருவர் சிரித்தார். "கப்பலு கட்டிகினு கீறாங்க போல."

திருமுருகன் கையில் ஒரு நோட்டு இருந்தது. திருமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யார் நோட்டு?"

"என் பொண்ணுது. உன் பொண்ணு எழுத வச்சது."

"நம்பரைப் படி."

திருமுருகன் படித்தார். திருமலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கையை நீட்டி நோட்டை வாங்கினார். கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தப்பு" என்றார். "புள்ளிக்கு அடுத்து ஏழு போட்டுகீது. அது ஏழு இல்ல, ஒண்ணு."

"அம்மு நம்பரைத் தப்பா எழுதாது" என்று சௌமியாவே சொல்லிவிட்டாள்.

"இது தப்பு. இந்த நம்பருக்குப் போனா வெறும் சேறு. வலை காலியா வரும். வந்து, திருமலை பொண்ணு பொய் சொல்லிச்சுன்னு சொல்லுவீங்க." மகளைப் பார்த்தார். "சிவப்புப் பேனா வச்சிகினு கீறியா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூடியைக் கழற்றத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்தார். ஏழின் மேல் ஒரு கோடு அடித்தார். பக்கத்தில் ஒன்று எழுதினார். பேனா பிடித்துப் பழகாத கை என்பதால் அந்த ஒன்று கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. சௌமியா படித்த பதினாறு வருடத்தில் அவளுடைய ரேங்க் கார்டில்கூட அவர் எழுதியதில்லை. அதெல்லாம் குப்பம்மாவின் கைநாட்டு.

நோட்டைத் திருமுருகனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு அங்க போ. நீயே போ. வலையைப் போடு. வந்தப்புறம் என் பொண்ணைப் பத்திப் பேசு."

சிரித்தவர் செருப்பைச் சரி செய்துகொண்டார். திருமுருகன் நோட்டைப் பார்த்தார், திருமலையைப் பார்த்தார்.

"இது நெசமா உன் பாரா?"

"போய்ப் பாரு. மீன் கீதுன்னா, உன் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போவணும். எல்லாப் புள்ளையும் போவணும்."

திருமுருகன் நோட்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

கால் மணி நேரம் கழித்துப் பின்பக்கமாக அம்மு வந்தாள். கையில் அதே நோட்டு. குழாயடி ஓரமாகவே நின்றுகொண்டாள்.

"டீச்சர், உங்க நைனா ஏன் டீச்சர் அத்த ஒண்ணாக்கினாரு?"

"நீ தப்பா எழுதியிருந்தே இல்ல, அதான்."

"தப்பா எழுதல டீச்சர். மாத்தி எழுதினேன்."

சௌமியா அவளைப் பார்த்தாள்.

"வாசிக்கும்போதே தெரிஞ்சிடுச்சு, அது உங்க வூடு இல்லன்னு. அடுத்த வூட்டுப் பாரை எழுதக் கூடாதுல்ல? அவங்க எல்லாம் பேனாவை வச்சிட்டாங்க. என் பக்கத்துல ஆபீசரு நின்னுகினு இருந்தாரு. எழுதாம இருக்க முடியல. அதான் ஒண்ண ஏழாக்கிட்டேன்."

"உங்க நைனாகிட்ட சொன்னியா?"

"சொன்னா உங்க இடம் இதுதான்னு தெரிஞ்சிடும்ல." அம்மு நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள். "நைனா குளிக்கப் பூட்டாரு. நம்பரு அதுக்கு நெனப்புல நிக்காது டீச்சர். கிழிச்சிடட்டா?"

சௌமியா நோட்டை வாங்கினாள். சாய்ந்த சிவப்பு ஒன்றைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் இருபத்தாறு வருடத்து இடம் வீட்டிலேயே இருக்கும். பத்தொன்பது பிள்ளைகள் வகுப்புக்கு வர மாட்டார்கள். அவள் பொய் சொன்னாள் என்பது குப்பத்தில் நிலைத்துவிடும். பக்கம் இருந்தால் நாளை மூன்று மணிக்குத் திருமுருகனின் படகு நேராக அங்கே போகும்.

அதே சிவப்புப் பேனாவால், தகப்பனார் எழுதிய ஒன்றுக்குக் கீழே, எல்லா நோட்டிலும் போடுவது போலச் சுருக்கொப்பமும் தேதியும் போட்டாள்.

"கிழிக்காதே. எங்கே இருந்துச்சோ அங்கேயே வச்சிடு. நாளைக்கு வகுப்புக்குக் கொண்டு வா."

"எங்க நைனா அங்க போவும் டீச்சர்."

"போகட்டும்."

"அப்போ உங்க நைனா எங்க போவும்?"

சௌமியா பேனாவின் மூடியை மாட்டிப் பைக்குள் போட்டாள். அம்மு நோட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

உள்ளே திருமலை புதுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். சௌமியா என்ற பெயரைத் தாண்டியும் விரல் நிற்கவில்லை. குப்பம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அதுல இன்னும் யார் யார் பேரு கீது?"

அவர் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.